இந்தியா மாத்திரையும் என் சீந்தில் கொடியும்

சீந்தில் கொடியின் சாற்றை வற்றக் காய்ச்சினால் பார்வைக்கு அபின் மாதிரியே இருக்கும் என்பது சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு ஆண்டுகளாக அதை இடித்து, ஊறவைத்து, வடித்து, காய்ச்சி வந்தவள் நான். கறுப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிசுபிசுத்துக்கொண்டிருந்த அது எனக்கு மருந்தாக மட்டுமே தெரிந்தது. சுங்க அதிகாரிக்கு வேறு மாதிரி தெரிந்தது.

அவர் மலாய்க்காரர், வயதில் சின்னவர், மிகவும் மரியாதையானவர். மரியாதையாகவே என்னைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். போதைப்பொருள் கொண்டுவந்தால் தூக்கு என்று விமானத்தில் நிரப்பச் சொன்ன அட்டையிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் கொடுத்த கடிதத்தையும் ஆய்வுக்கூடத்தின் அழைப்பையும் காட்டினேன். படித்தார், மறுபடி குப்பியையே பார்த்தார். வேறு வழி தெரியாமல் ஒரு குப்பியைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, அவர் எதிரிலேயே நாக்கில் வைத்துக்கொண்டேன். நான்கு ஆண்டு பழகியும் என் முகம் கோணியதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். இதைச் சாப்பிட்டு யாரும் சந்தோஷப்பட முடியாது என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

நான் இராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லித்தருபவள். மலேரியா எங்கள் கடற்கரையில் வேண்டிய மட்டும் இருந்தது. அதன் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து மருந்தைப் போட்டுப் பார்க்கும் வசதிதான் இல்லை. சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறு. நாட்டில் மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துக்கட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் மட்டும் செல்லப்பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வழக்கமான மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்க மறுப்பதாகப் பல நாடுகளிலிருந்தும் செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கமும் அந்த நிலை வந்தால் கையில் என்ன இருக்கிறது என்ற பயத்தில்தான், காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் சீந்திலை நான் தொட்டேன்.

கிளம்பும்போது எங்கள் முதல்வர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: சீந்தில் வேலை செய்யவில்லை என்றால் அந்த ஆய்வு அறையை விலங்கியலுக்குக் கொடுத்துவிடலாம், அவர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டு சொல்வது எதுவும் நடக்காமல் போனதில்லை. அறை போனால் நான்கு ஆண்டும் போயிற்று. ஓய்வு பெறும்வரை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொண்டு காலந்தள்ள வேண்டியதுதான்.

விமான நிலையத்துக்கு வெளியே மரியதாஸ் காத்திருந்தார். எங்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தரும் ரோஸ்லினுக்குப் பெரியப்பா மகன். தாத்தா காலத்திலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்ட குடும்பம். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ஆறடி உயரம், பெரிய மீசை, கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல், பேச்சில் அந்த ஊர் வழக்கமான ‘லா’. என் பெட்டியை வாங்கிக்கொண்டவர், நான் ஊர் திரும்பும்வரை எதையும் என்னைத் தூக்க விடவில்லை.

அவர் வீடு தோ பாயோவில், எட்டாவது மாடியில். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஐந்தில் நிற்கும், பிறகு ஒன்பதில் நிற்கும். ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே நடக்க வேண்டும். உயரப் போய்விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைவது எனக்குக் கடைசிவரை வேடிக்கையாகவே இருந்தது. கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டாம் நாள் தனியாகப் பேருந்தில் திரும்பி வந்தவள், பக்கத்துக் கட்டடத்தில் அதே எட்டாவது மாடிக்குப் போய் அதே வாசலைத் தட்டிவிட்டேன். ஒரு சீன மூதாட்டி திறந்தார். அவர் பேசியது எனக்கும் நான் பேசியது அவருக்கும் புரியவில்லை. அதற்காக அவர் உபசரிப்பை நிறுத்தவும் இல்லை. பார்லித் தண்ணீர் கொடுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். மரியதாஸ் தேடிக் கண்டுபிடிக்கும்வரை குங்ஃபூ படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரியதாஸின் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட உணவகத்தில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கிறார். டிசம்பர் விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தார். கை சும்மா இருக்கவில்லை. இட்லிக்கு நெத்திலி சம்பல் என்று ஒன்று வைத்தார். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள இத்தனை காலமும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தோன்றிவிட்டது. இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஸ்டீபன் எதையும் பேசமாட்டான். சின்னவள் ஜெனிபர், ஆறு வயது, எல்லாவற்றையும் பேசுவாள். நான் திரும்பிய பிறகு சில நாளில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போவதாக இருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு அதுதான் முதல் தமிழ்நாட்டுப் பயணம். அங்கே நல்ல தண்ணீர் கிடைக்குமா, கழிப்பறை எப்படி என்று அவர் என்னைக் கேட்க ஆரம்பிக்கும்போதெல்லாம் மரியதாஸ் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆய்வுக்கூடத்தில் என்னை வரவேற்றவர் டாக்டர் சுவா. ஐம்பது வயது இருக்கும், என் தோளுக்குத்தான் வருவார், வாயைத் திறந்தால் உடைத்துத்தான் பேசுவார். ஆங்கிலத்தில் அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன். முதல் நாளே என் குப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதுவரை இப்படி இருபது பேருடைய கொடியும் பட்டையும் வந்திருக்கின்றன, இருபதும் ஏமாற்றம், ஆனாலும் உங்களுடையதன் நாற்றம் நம்பிக்கை தருகிறது என்றார்.

மலேரியாக் கிருமியை வளர்க்கும் முறையை அங்கேதான் நேரில் பார்த்தேன். மனிதச் சிவப்பணுவுக்குள்தான் அது வாழும். ஆகவே புது இரத்தம் வேண்டும். காற்றில் பிராணவாயு கொஞ்சமாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு மெழுகுவத்தி. கண்ணாடித் தட்டுகளை ஒரு பெரிய ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து மூடுகிறார்கள். சுடர் தானாக அணையும்போது உள்ளே காற்று சரியான பதத்தில் இருக்கிறதாம். உடனே ஜாடியின் வாயை அடைத்து வெப்பப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எங்கள் கல்லூரியில் மெழுகுவத்தி எரிந்தால் மின்சாரம் போய்விட்டது என்று பொருள். மின்சாரமே போகாத ஊரில் அதை வைத்து விஞ்ஞானம் நடப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தட்டுகள் தயார், கிருமி தயார், சீந்தில் தயார். இரத்தம்தான் இல்லை. வழக்கமாகக் கொடுப்பவர் அங்கே வேலை செய்யும் ஹமீது, ஓ பிரிவு. அந்த வாரம் பார்த்து அவரை ராணுவப் பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். அங்கே ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகும் ஆண்டுதோறும் சில நாள் சீருடை மாட்டியாக வேண்டும். டாக்டர் சுவா வேறு பிரிவு. நான் கையை நீட்டினேன். எனக்கு இரண்டு முறை மலேரியா வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் என் கையைத் தட்டிவிட்டார். உங்கள் இரத்தத்தில் உங்கள் ஊரே குடியிருக்கும், எனக்கு வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ் குடும்பம் பூசைக்குப் போக, நான் சிராங்கூன் சாலைக்குப் போனேன். பூக்கடை, நகைக்கடை, முறுக்கு வாசனை, எங்கும் தமிழ். ஒரு நாட்டு மருந்துக் கடையில் கண்ணாடிப் புட்டிக்குள் காய்ந்த சீந்தில் தண்டு இருந்ததைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி உள்ளே போய்விட்டேன். இது எதற்குக் கேட்கும் என்று ஒன்றும் தெரியாதவள் போல விசாரித்தேன். கடைக்காரர் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எல்லாத்துக்கும் கேக்கும்மா” என்றார். மலேரியாவுக்கு? “அதுக்கும்தான்.” நான்கு ஆண்டுகளில் எனக்கு ஒரு நாளும் வராத நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அன்று சாப்பிடும்போது ஆய்வுக்கூடத்து இரத்தப் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னேன். மரியதாஸ் மீன் தலையை ஓரமாக வைத்தார்.

“நான் ஓ லா, டீச்சர். ப்ளட் பேங்க் கார்டுகூட இருக்கு. நாளைக்கே ஹாஃப் டே லீவு போட்டுட்டு வந்து குடுத்துடறேன்.”

நான் மறுத்துப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த விருந்தாளி வேலை நின்று போய்த் திரும்பினால் ரோஸ்லினுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது என்று அவர் கேட்டார். ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரியதாஸ் அவருக்குக் குழம்பு ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூட நாற்காலியில் அந்த ஆறடி உருவம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தது. டாக்டர் சுவா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அண்மையில் காய்ச்சல்? இல்லை. மஞ்சள் காமாலை? இல்லை. ஏதாவது மாத்திரை, மருந்து? மரியதாஸ் பக்கத்தில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லை என்றார். ஊசிக்குப் பயப்படுகிறார், அதை எனக்கு முன்னால் காட்டக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரத்தம் எடுத்து முடிந்ததும் அவர் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெழுகுவத்திச் சங்கதி அவருக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. அங்கே கையிருப்பில் இருந்தது சீனக் கோயிலில் ஏற்றும் சிவப்பு மெழுகுவத்தி. அதன் சாயத்தை நினைத்து டாக்டர் சுவாவுக்கு உறுத்தல். மறுநாள் காலை மரியதாஸ் பங்குச் சாமியாரிடம் சொல்லி வெள்ளை மெழுகுவத்தி ஒரு கட்டு வாங்கி என் கையில் கொடுத்தனுப்பினார். அன்று எட்டுத் தட்டுகளில் ஆறில் என் சீந்திலைப் பல அளவுகளில் விட்டோம். இரண்டு தட்டுகளில் மட்டும் எதுவும் விடவில்லை. மருந்து படாத அந்த வெறும் தட்டில் கிருமி நன்றாக வளர வேண்டும். அப்போதுதான் மற்ற தட்டுகளில் அது செத்ததற்குச் சீந்தில் காரணம் என்று சொல்ல முடியும். மாதா கோயில் மெழுகுவத்தி எரிந்து அணைந்தது. ஜாடியை மூடினோம்.

இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நான் ஜாலான் புசாரில் இரும்புக்கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு கடையில் எங்கள் அறைக்குத் தேவைப்பட்ட மாதிரியே ஒரு குழாய்த் திருகு இருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டேன். அறை இருக்குமா என்றே தெரியாதபோது திருகு எதற்கு என்று கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

டாக்டர் சுவாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயம் ஏற்றிய ஸ்லைடுகளின் பெயரைத் தாள் ஒட்டி மறைத்து, குலுக்கிப் போட்டு, புது எண் எழுதித்தான் நுண்ணோக்கிக்கு அனுப்புவார். எது எந்தத் தட்டு என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும் என்பார். அந்த வியாழக்கிழமை என்னை உட்காரவைத்து முதல் ஸ்லைடைக் கொடுத்தார். சிவப்பணுக்கள் வட்ட வட்டமாகக் கிடந்தன. உள்ளே கிருமி இல்லை. ஓரத்தில் ஒன்றிரண்டு சுருங்கிச் செத்த கரும்புள்ளிகள்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. என் சீந்தில் கொல்கிறது! எழுந்து டாக்டர் சுவாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான்காவது, ஐந்தாவது. ஆறாவது ஸ்லைடும் காலியாக இருந்தபோதுதான் என் சிரிப்பு குறைந்தது. இதற்குள் வெறும் தட்டு ஒன்றாவது வந்திருக்க வேண்டுமே. ஏழாவதை நான் பயந்துகொண்டே பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மலேரியாக் கிருமியாவது உயிரோடு இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். எட்டாவதும் காலி. மருந்து படாத தட்டிலும் எல்லாம் செத்துக்கிடந்தது. அப்படியென்றால் கொன்றது என் சீந்தில் என்று சொல்ல முடியாது. கொன்றதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

டாக்டர் சுவா யோசித்து யோசித்துக் கடைசியில் மெழுகுவத்தியைப் பிடித்தார். கோயில் மெழுகில் வாசனைப் பொருள் ஏதாவது கலந்திருக்கும் என்றார். தனி ஜாடியில், பழைய இரத்தத்தில், சிவப்பு மெழுகுவத்தியில், விதைக்கிருமிக்காக வைத்திருந்த தாய்த்தட்டில் மட்டும் கிருமி பிழைத்திருந்தது. அது அவர் சந்தேகத்துக்குத் தோதாகவும் இருந்தது. கரைத்த சீந்திலில் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம். எனக்கு இருந்தது பத்து நாள்.

வீட்டில் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மரியதாஸ் கேட்டார், சொல்லிவிட்டேன். நல்லது செய்யப் போய்க் கெடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்கப் புலம்பினார். சாமியாரிடம் மெழுகில் என்ன கலக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனவரை, மெழுகில் மெழுகுதானே இருக்கும் என்று அவர் சொல்லி அனுப்பினாராம்.

டாக்டர் சுவா ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை என்னைப் பொங்கோலுக்குக் காரில் அழைத்துப் போனார். வழியெல்லாம் பன்றிப் பண்ணை நாற்றம். கார்க் கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் நாற்றம். கடலோரத்தில் நண்டு சாப்பிட்டோம். மிளகாயும் தக்காளியுமாகக் கை முழங்கை வரை வழிந்தது. நண்டை உடைத்துக்கொண்டே அவர், இருபத்தோராவது ஏமாற்றம் என்றால் தாங்கிக்கொள்வேன், ஆனால் இது ஏமாற்றமாகக்கூட இல்லையே என்றார். என் மனத்தில் இருந்ததும் அதுதான்.

மறுநாள் ஞாயிறு, நானும் அவர்களோடு கோயிலுக்குப் போனேன். வீட்டில் தனியே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் மேசை போட்டு, பங்குப் பெண்கள் தோசையும் காப்பியும், தேங்காய்ப்பாலும் முட்டையும் கிண்டிய காயா தடவிய ரொட்டியும் கொடுத்தார்கள். நான் கை கழுவிவிட்டு வரும்போது ஜெனிபர் வாயிலிருந்த ரொட்டியைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

“மம்மி, இந்தியா மாத்திரைய உள்ள வெச்சிருக்கீங்க! பிட்டரா இருக்கு!”

ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். காயா தடவிய ரொட்டிக்குள் வெள்ளையாக அரை மாத்திரை. முகர வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கசப்பில் சுளித்த குழந்தையின் முகமே சொல்லிவிட்டது. குளோரோகுயின். மலேரியா வராமல் வாரம் ஒரு முறை போடும் மாத்திரை. டாக்டர் சுவா வளர்க்கும் கிருமி வகை அதன் வாசனைக்கே மடிந்துவிடும்.

“நீங்களும் போடறீங்களா?” என்று மரியதாஸைக் கேட்டேன்.

அவர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்க கிளினிக் டாக்டர் சொன்னாரு டீச்சர், ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணணும்னு. மறக்காம இருக்கட்டும்னு சண்டே பூசை முடிஞ்சதும் போடறோம். போன சண்டேதான் ஃபர்ஸ்ட்.”

போன ஞாயிறு மாத்திரை. மறுநாள் இரத்தம். அவருடைய சிவப்பணுக்களையும் இரத்தத் தெளிநீரையும்தான், அதில் கலந்திருந்த மாத்திரையோடு, எட்டுத் தட்டிலும் ஊற்றியிருந்தோம்.

“டாக்டர் சுவா கேட்டப்ப ஏன் இல்லன்னீங்க?”

“நீங்க பக்கத்துல நின்னீங்களே. உங்க ஊருக்கு வர்றதுக்கு மருந்து போட்டுக்கிட்டு வர்றோம்னு உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? மரியாதையா லா அது? ஒரு மாத்திரைதானேன்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது உண்மை. நான்கு ஆண்டு உழைப்பு ஒரு மரியாதையில் மாட்டிக்கொண்டுவிட்டதே என்று வந்த கோபம். எங்கள் ஊர்க் கொசுவைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே கடல் தாண்டி வந்து நிற்கிறேன்? ஆனால் மனிதர் காப்பியை ஆறவிட்டுக் குற்றவாளி மாதிரி நிற்பதைப் பார்த்தபோது கோபம் நிற்கவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவர் மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? பரிகாரமாக அவர் ஒன்று செய்தார். அங்கேயே, அந்த அடித்தொண்டைக் குரலில், ஓ பிரிவு இரத்தம் யாருக்கு என்று கேட்டார்.

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. இந்தியாவுக்குப் போகிறவர்கள் கையை இறக்குங்கள் என்றார். யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மரியதாஸ், டீச்சருக்குத் தெரிஞ்சுடுச்சு, பரவால்ல என்றார். ஒவ்வொரு கையாக இறங்கியது. விடுமுறைக்கு ஒருவர் திருச்சி, ஒருவர் தூத்துக்குடி, மற்றவர்கள் வேளாங்கண்ணி. அன்று காலை முழுக்க என்னிடம் ஊர் நலம் விசாரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எனக்குத் தெரியாமல் என் ஊருக்கு எதிராக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. அவர்களும் சிரித்த பிறகுதான் வளாகம் பழையபடி ஆனது.

ஒரே ஒரு கை இறங்காமல் நின்றது. பாடகர் குழுவில் கீச்சுக்குரலில் பாடும் ஆக்னஸ், பாலர் பள்ளி ஆசிரியை. விமானம் என்றால் பயம் என்பதால் அவர் எங்கேயும் போவதில்லை. ஊசி என்றாலும் பயம் என்பது மறுநாள் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, செபமாலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினார். டாக்டர் சுவா இந்த முறை மருந்து பற்றிய கேள்வியை என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். கோயில் மெழுகுவத்தியை அவரே எடுத்து ஏற்றினார். மெழுகுவத்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

கடைசிச் சீந்திலையும் ஊற்றியாயிற்று. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லா நெத்திலி சம்பலைக்கூட வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை மறுபடி அதே நாற்காலி, பெயர் மறைத்த ஸ்லைடுகள். முதல் ஸ்லைடில் கிருமிகள் இருந்தன. சிவப்பணுவுக்குள் நீல மோதிரமும் அதில் ஒரு சிவப்புக் கல்லும் வைத்த மாதிரி, சில அணுக்களில் இரண்டு இரண்டாக. ஆக்னஸின் இரத்தம் அவற்றுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. இது வெறும் தட்டாக இருந்தால் நான் கும்பிட வேண்டும். சீந்தில் தட்டாக இருந்தால் அழ வேண்டும். எது என்று தெரியாமல் அடுத்ததை வைத்தேன். அதிலும் இருந்தன. மூன்றாவதில் குறைவு. நான்காவதில் நிறைய. ஐந்தாவதில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றிரண்டுதான் கிடைத்தன. எட்டும் முடிந்தபோது என் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சுவா ஒட்டிய தாள்களை உரித்தார். வெறும் தட்டு இரண்டிலும் கிருமி கொழித்திருந்தது. சீந்திலை அதிகமாக விட்ட தட்டில் ஏறக்குறைய இல்லை. அதற்கு அடுத்த அளவில் பாதிக்கும் கீழே. அதற்குக் குறைவாக விட்ட இடத்தில் எல்லாம் சீந்தில் போட்டதே தெரியாத மாதிரி சுகமாக வளர்ந்திருந்தது.

“கொஞ்சம் இருக்கிறது” என்றார் அவர். “கொஞ்சம்தான். ஆனால் பொய் இல்லை.”

இரத்தத்தில் இந்த அளவு சேர வேண்டுமானால் ஒரு மனிதன் குடம் குடமாகக் கஷாயம் குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். சாற்றுக்குள் இருக்கும் எந்தப் பொருள் கொல்கிறது என்று பிரித்து எடுக்க வேண்டும். அது ஆளைக் கொல்லாது என்று காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கான வேலை. தொடர வேண்டிய வேலை என்று முதல்வருக்கு இரண்டு வரி எழுதித் தருகிறேன் என்றார். என் அறை பிழைத்தது. நான் நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்கினார்.

மாலையில் இறங்கி வந்தால் மரியதாஸ் வாசலிலேயே நிற்கிறார். பலித்துவிட்டது என்றேன். கொஞ்சம் என்ற சொல்லையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு சீனரிடம், மலேரியாவுக்கு எங்க டீச்சர் மருந்து கண்டுபிடித்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வீட்டில் பாடகர் குழுவுக்கே பிரியாணி. ஆக்னஸ் தன் கையில் ஊசி குத்திய இடத்தை எல்லோருக்கும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு விமானம். பூசை முடிந்து வீட்டுக்கே வந்து காலை உணவுக்கு உட்கார்ந்தோம். அன்று மாத்திரை நாள். மேசையில் மாத்திரையைக் காணவில்லை. ஸ்டெல்லா மறந்துவிட்டார் என்று நினைத்து நானே நினைவுபடுத்தினேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவர் மாதிரி மரியதாஸ் முகத்தில் வெட்கமும் பெருமையும்.

“இனிமே இந்தியா மாத்திரை வேணாம் டீச்சர். நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். ஊர்ல இறங்கினதும் உங்க சீந்தில் கஷாயத்தையே குடிச்சுக்கறோம். புள்ளைங்களுக்கும் அதையே குடுக்கறோம். உங்கமேல எங்களுக்கு அவ்ளோ நம்பிக்கை லா.”

நான்கு ஆண்டுகளில் என் சீந்திலை நம்பிக் குடிக்கிறேன் என்று சொன்ன முதல் மனிதர் அவர். முதல்வர் சொன்னதில்லை, துறையில் யாரும் சொன்னதில்லை, என் வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜெனிபர் கசப்பு மாத்திரை தப்பிய மகிழ்ச்சியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம், மரியதாஸ்” என்றேன். “மாத்திரையையே போடுங்க. ஒரு வாரம்கூட விடக்கூடாது. ஊர்லேருந்து திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் போடணும்.”

“அப்ப உங்க மருந்து?”

“அது இன்னும் மருந்து ஆகல.”

ஸ்டெல்லா உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஜெனிபருக்காக ஒன்றை நானே இரண்டாக உடைத்து, பாதியைக் காயாவில் புரட்டி, அவள் வாயில் வைத்தேன். அவள் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டே விழுங்கினாள். விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலும் பார்த்தேன்.